கேளுங்கள், தேடித் தருகிறேன்: ஸ்காட்லாந்தின் பழைய இசைத்தட்டுகளும் காணாமல் போகும் தளங்களும்

ஸ்காட்லாந்தின் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி முந்தைய இதழில் எழுதியதற்கு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாட்டைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம்தான், "அந்தத் தளம் எங்கே போச்சு" என்று கேட்டவர்கள்தான் அதிகம். பெயர் வேண்டாம் என்று சிலர் சொல்லியிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஸ்காட்டிஷ் மெலோடியன் (பொத்தான் வைத்த சின்ன அக்கார்டியன்) இசைத்தட்டுகளுக்கென்றே ஒருவர் தளம் நடத்திவந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் லேபிள் படம், வாசித்தவரைப் பற்றி நாலு வரி, கேட்க ஒரு பொத்தான். இப்போது அந்த முகவரிக்குப் போனால் "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று வருகிறது. எல்லாம் போச்சா?

எல்லாம் போயிருக்காது. முதலில் பழைய வலைப்பக்கங்களைக் காட்டும் வேபேக் மெஷினில் அந்தப் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பு 1996-லிருந்து வலைப்பக்கங்களைச் சேமித்துவருகிறது, சின்னத் தளங்கள்கூட அதில் பலமுறை பதிவாகியிருக்கும். கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அது பெரும்பாலும் விற்பனைப் பலகையாகத்தான் இருக்கும். நாலைந்து வருஷம் பின்னால் போங்கள். முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டால் அந்தத் தளத்தில் சேமித்த கோப்புகள் எல்லாம் பட்டியலாக வரும், அதில் எம்பி3 என்று வடிகட்டினால் பக்கத்திலிருந்து இணைப்பு அறுந்துபோன ஒலிக்கோப்புகூடச் சில சமயம் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த மாதிரித் தளங்கள் பலவும் ரியல் ஆடியோ என்ற அந்தக் கால ஒலி வடிவத்தில்தான் பாட்டைக் கொடுத்தன. டயல்-அப் காலம், வேறு வழியில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால் இறங்கும் ராம் கோப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே பாட்டு இருக்காது, ஒரே ஒரு வரி இருக்கும்: பாட்டு எந்த சர்வரில் இருக்கிறது என்ற முகவரி. வேபேக் அந்த ஒற்றை வரியைப் பத்திரமாக வைத்திருக்கும், அது காட்டும் சர்வர் என்றைக்கோ அணைந்திருக்கும். அப்படியில்லாமல் ஆர்எம் என்று முடியும் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், அதில் நிஜமாகவே ஒலி இருக்கும், விஎல்சி பிளேயரில் பாடும், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த தலைமுறைத் தளங்கள் ஃப்ளாஷ் பிளேயர் வைத்தன. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு கதை முடிந்தது. ஆனால் அங்கே பொத்தான்தான் செத்தது, பின்னால் இருந்த எம்பி3 பல இடங்களில் அப்படியே இருக்கிறது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து முகவரியைத் தேடி எடுங்கள்.

கிடைத்ததும் முதலில் அந்த நாலு வரிகளைக் காப்பி எடுங்கள், பாட்டு அப்புறம். ஏன் என்று கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எல்லாமே யூட்யூபில் இருக்கிறதே, தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?

மைஸ்பேஸ் என்ற பழைய சமூகத் தளத்திலும் எல்லாம் இருந்தது. 2003-லிருந்து 2015 வரை ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்று 2019-இல் தெரியவந்தது, 5 கோடிப் பாட்டு என்று அப்போது செய்தி வந்தது. யூட்யூபில் ஒருவர் கணக்கை மூடினால் வீடியோவோடு கீழே ரசிகர்கள் எழுதிய "இது என் தாத்தா வாசித்தது" என்ற குறிப்புகளும் சேர்ந்தே போய்விடும். கேட்பதற்கு யூட்யூப் நல்ல இடம்தான். அதைப் பரண் என்று நினைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு நூலகர்: எடின்பரோ பல்கலைக்கழகம், தேசிய நூலகம், பிபிசி என்று பெரிய இடங்கள் எல்லாம் ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது தனி ஆர்வலர்களின் சின்னத் தளங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?

நூலகர் கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பெரிய இடங்கள் செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. எடின்பரோவில் 1951-இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. கேலம் மக்லீன், ஹேமிஷ் ஹென்டர்சன் போன்றவர்கள் ஒலிப்பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக, பண்ணை பண்ணையாகப் போனார்கள். ஹென்டர்சன் 1953-இல் அபர்தீனில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஜீனி ராபர்ட்சன் என்ற மாபெரும் பாடகியைக் கண்டெடுத்தார். அந்தப் பள்ளியின் பதிவுகள், பிபிசி ஸ்காட்லாந்தின் பதிவுகள், கேனா தீவில் ஜான் லோர்ன் கேம்பல் 1930-களிலிருந்து சேர்த்த கேலிக் பாட்டுகள், மூன்றையும் சேர்த்து டோபர் அன் டுவல்கஷ் என்ற தளம் 2010-இல் வந்தது. கிஸ்ட் ஓ ரிச்சஸ் என்றும் அதற்குப் பெயர் உண்டு. 50,000-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள், இலவசம்.

ஆனால் கவனியுங்கள், அங்கே இருப்பதில் பெரும்பகுதி களத்தில் போய் எடுத்தது: சமையலறையில் பாடிய பாட்டு, அடுப்படியில் சொன்ன கதை. கடையில் விற்ற, நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகள் வேறு உலகம். ஹாமில்டனில் இசைக்கடை வைத்திருந்த பீட்டர் வைப்பரும் அவர் சகோதரர் டேனியலும் வாசித்த மெலோடியன், ஸ்காட் ஸ்கின்னரின் ஃபிடில் (வயலின்தான்), 1923-இல் வந்த பெல்டோனா என்ற லேபிளில் வெளியான நடன இசை, அக்கார்டியன்காரர் ஜிம்மி ஷான்ட் 1930-களில் கொடுத்த முதல் தட்டுகள். இதையெல்லாம் அப்போது யாரும் பாரம்பரியம் என்று மதிக்கவில்லை, வியாபாரச் சரக்கு. அதனால் ரொம்ப காலம் இவற்றைத் தேடி வாங்கி, துடைத்து, பட்டியல் போட்டதில் பெரும்பங்கு சம்பளமில்லாத ஆர்வலர்களுடையது. வில்லியம் டீன்-மயாட் என்பவர் 1888 முதல் 1960 வரையிலான ஸ்காட்டிஷ் ஒலித்தட்டுகளுக்குப் போட்ட பெரும் பட்டியலை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. நூலகமே ஓர் ஆர்வலரின் உழைப்பில் சாய்ந்துகொள்கிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தட்டின் லேபிளில் வெறுமனே "ரீல் நடனத் தொகுப்பு" என்றுதான் போட்டிருக்கும். உள்ளே மூன்று மெட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்த மெட்டு என்று கம்பெனிக்காரர் எழுதியிருக்க மாட்டார். போதாததற்கு ஒரே கலைஞரின் பதிவை மலிவு லேபிளில் வேறு பெயரில் விற்பதும் அந்தக் கால வழக்கம். இரண்டாவது மெட்டு இன்னது, இந்தக் குழுவில் பியானோ வாசித்தவர் இன்னார், இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான் என்று கண்டுபிடித்தவர் யார்? ஊரில் நாற்பது வருஷம் கேய்லி என்ற ஊர்க்கூட்ட நடனங்களுக்கு வாசித்த ஒரு பெரியவர், கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அதை அவர் எழுதிவைத்த இடம் அவருடைய சின்னத் தளம். தட்டு உடைந்தாலும் அதன் இன்னொரு பிரதி எங்காவது ஒரு பெட்டியில் கிடக்கும், நூற்றுக்கணக்கில் அடித்து விற்ற சரக்கு அது. அந்தக் குறிப்புக்கு இன்னொரு பிரதி கிடையாது. டொமைன் பணம் கட்டாத மாதத்தில் போய்விடும். என் கவலை முழுக்க அதுதான்.

பெரிய இடம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் பிரிட்டனின் வலைக் காப்பகமும் சேர்ந்து நீண்ட காலம் முடங்கியது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவே பல நாள் திறக்கவில்லை. வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் மேடிசன் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கர் 1928-இலிருந்து 1935 வரை பிரிட்டனில் சுற்றி, அதிலும் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நிறைய, மெழுகு உருளைகளில் பாட்டு பிடித்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை 1972-இல் வாங்கியது. இணையத்தில் எல்லாரும் கேட்கும்படி வந்தது 2018-இல். நிறுவனங்கள் வந்து சேரும், சந்தேகமில்லை. அதுவரை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் ஒரு தமிழர்: இங்கே தொண்டு நிறுவனக் கடை ஒன்றில் பெல்டோனா, பார்லஃபோன் லேபிள் போட்ட பழைய 78 தட்டுகள் ஒரு பெட்டி சல்லிசாகக் கிடைத்தது. சனிக்கிழமைகளில் உட்கார்ந்து டிஜிட்டல் ஆக்கலாம் என்று பார்க்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

கொடுத்துவைத்தவர் நீங்கள். முதலில் ஸ்பிரிட், ஐசோபுரொபைல் இந்தப் பக்கமே வரக்கூடாது. எல்பி எனப்படும் பிற்கால வினைல் தட்டுகளைத் துடைக்கும் திரவங்களில் ஆல்கஹால் இருக்கும், 78 தட்டின் அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். உலகத்துக்கே பெரும்பங்கு அந்த அரக்கை அனுப்பியது இந்தியாதான், அது தனிக் கதை. சாதாரண நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய பிரஷ், லேபிள் நனையாமல் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

அடுத்து ஊசி. எல்பிக்கான ஊசி 78 தட்டின் பள்ளத்தில் அடிவரை இறங்கி அங்கே உள்ள குப்பையைத்தான் படிக்கும். 78-க்கென்று ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமான ஊசி தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகப் பதிந்து அதை எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்குவது, எம்பி3 ஆக்குவது எல்லாம் இன்னொரு பிரதியில். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் இரைச்சல் நீக்கும் மென்பொருளைவிட நல்லது பின்னால் வரும், அப்போது பச்சையான பதிவு வேண்டும். ஃபிடிலின் வில் உரசும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் தின்றுவிட்ட எத்தனையோ கோப்புகளைக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது.

வேகம்தான் ருசியான இடம். 78 என்று சொல்கிறோமே தவிர ஆரம்ப காலத் தட்டுகள் சரியாக 78-இல் பதிவானவை அல்ல, கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும், வேகமாகவும் இருக்கும். 78-இல் ஓட வேண்டியதை 82-க்கு மேல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். ஃபிடில்காரர் எந்தச் சுருதி வைத்தார் என்று உங்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் மெலோடியனில் சத்தம் எழுப்பும் உலோகத் தகடான ரீடு வாசிப்பவர் இஷ்டத்துக்கு மாறாது. அதனால் மெலோடியன் தட்டில் அது எந்தச் சுருதிப் பெட்டியாக இருக்கும் என்று ஊகித்து வேகத்தைச் சரிசெய்யலாம். பேக்பைப் இசையில் இந்த வேலை ஆகாது, அந்தக் காலத்து பைப்பின் சுருதி இப்போதையதைவிட நன்றாகவே கீழே இருந்தது, இன்றைய பைப்போடு ஒப்பிட்டு ஏற்றினால் தப்பாகப் போகும்.

லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். லேபிளை ஒட்டிய வழவழப்பான இடத்தில் சாய்வாக வெளிச்சம் அடித்தால் பொறித்த எண் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பதிவின் நிஜ அடையாளம், பெயர் மாற்றி விற்ற தட்டுகளைப் பிடிப்பது இதை வைத்துத்தான். கோப்புக்கு "பாட்டு 7" என்று பெயர் வைக்காதீர்கள், லேபிள், தட்டு எண், பக்கம், பொறித்த எண் என்று வையுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வழக்கறிஞர்: இதையெல்லாம் வலையில் ஏற்றுவது சட்டப்படி சரியா?

சட்டம் உங்களுக்குத்தான் தெரியும், நான் படித்தவரை சொல்கிறேன். பிரிட்டனில் ஒலிப்பதிவுக்கு இருந்த 50 வருஷ உரிமையை 2013 நவம்பரில் 70 ஆக நீட்டினார்கள், ஆனால் அதற்கு முன்பே காலாவதியானதை உயிர்ப்பிக்கவில்லை. எனவே 1963-க்கு முன் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை அங்கே முடிந்துவிட்டது. இந்தியாவில் வெளியானதிலிருந்து 60 வருஷம். அமெரிக்காவில் கதை வேறு: 1923-க்கு முந்தைய பதிவுகள் 2022-இல்தான் பொதுச் சொத்தாயின, 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 வருஷம். ஒரே ஜிம்மி ஷான்ட் தட்டு எடின்பரோவில் சுதந்திரம், நியூயார்க்கில் சிறை.

ஒலிப்பதிவு வேறு, பாட்டை எழுதியவரின் உரிமை வேறு. பிரிட்டனில் அது ஆயுளுக்குப் பின் 70 வருஷம். ஸ்காட்டிஷ் பாடகர் ஹாரி லாடர் 1950-இல் இறந்தார், அவர் தனியாகவே எழுதியவை 2021-இல் விடுபட்டன; கூட்டாக எழுதியதென்றால் மற்றவரின் வருஷத்தையும் பார்க்க வேண்டும். பாரம்பரிய மெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டில் போய் எடுத்த வெளியிடப்படாத பதிவுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே குடும்பத்தைக் கேட்பதுதான் மரியாதை. இன்டர்நெட் ஆர்கைவின் 78 தட்டுத் திட்டத்தின் மீது பெரிய இசைக் கம்பெனிகள் 2023-இல் வழக்குப் போட்டு, அது பின்னால் சமரசத்தில் முடிந்தது. ஆகவே ஏற்றும் சர்வர் எந்த நாட்டில் என்று பார்த்துச் செய்யுங்கள். பாட்டை ஏற்ற முடியாவிட்டாலும் குறிப்பை ஏற்றலாமே, நீங்களே எழுதிய குறிப்புக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

எடின்பரோவிலிருந்து ஒரு வாசகி: பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர், ஸ்காட்டிஷ் ஃபிடில் தட்டுகளுக்கு இருபது வருஷமாகத் தளம் வைத்திருக்கிறார். "எனக்கப்புறம் இதை என்ன செய்வது" என்று என்னைக் கேட்கிறார். நான் கணினித் துறைதான், ஆனால் இசை தெரியாது. எங்கே ஆரம்பிக்க?

இசை தெரியாதது நல்லதே, எதையும் "இது எல்லாருக்கும் தெரியுமே" என்று விட்டுவிட மாட்டீர்கள். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தக் கார்டில் புதுப்பிக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். கார்டு காலாவதியானதால் செத்த தளங்கள் ஏராளம். கணக்கில் இன்னொருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அவர் மகளோ நீங்களோ. பிறகு தளத்தை முழுக்க இறக்கி டேட்டாபேஸ் இல்லாமல் திறக்கும் வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு பிரதி ஆக்குங்கள். பழைய வேர்ட்பிரஸும் அதன் செருகுநிரல்களும் கவனிப்பில்லாமல் ஐந்து வருஷம் தாங்காது, வெறும் ஹெச்டிஎம்எல் இருபது வருஷம் கழித்தும் திறக்கும். பட்டியல் எல்லாம் சிஎஸ்வி கோப்பாகவும் இருக்கட்டும். வேபேக்கில் பக்கங்களை நீங்களே சேமிக்கச் சொல்லலாம், பிரிட்டன் வலைக் காப்பகத்துக்கும் தளத்தைப் பரிந்துரைக்கலாம். சட்டப்படி 2013-லிருந்து அவர்கள் பிரிட்டன் தளங்களைச் சேகரிக்கிறார்கள், ஆனால் பெரும்பகுதியை நூலகத்துக்குள் உட்கார்ந்துதான் பார்க்க முடியும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

"என் எழுத்தையும் படங்களையும் யாரும் காப்பி எடுத்து வைக்கலாம்" என்று அவர் கைப்பட ஒரு பத்தி தளத்திலேயே போடச் சொல்லுங்கள். அது இல்லாததால் நல்ல மனசோடு காப்பாற்ற வந்த நூலகங்கள்கூடக் கை வைக்கத் தயங்குகின்றன. தட்டுகள் எங்கே போக வேண்டும் என்பதையும் உயில்போல எழுதிவிடட்டும், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பிரிட்டிஷ் நூலகம் நடத்திய ஒலி மீட்புத் திட்டத்தில் ஸ்காட்லாந்துக்கான மையமாக அவர்கள்தான் இருந்தார்கள், கிளாஸ்கோ கெல்வின் ஹாலில் வேலை நடந்தது.

இதோடு சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு போய் அவர் தளத்தை அவரோடு உட்கார்ந்து பாருங்கள், ஒவ்வொரு தட்டையும் ஓடவிட்டு அவர் பேசுவதை செல்பேசியில் பதிவுசெய்யுங்கள். "இந்த இடத்தில் வில் பிடித்திருக்கிறான் பார், பான்ஃப் பக்கத்துக்காரன் இப்படித்தான் வாசிப்பான்" என்கிற மாதிரி எதையாவது சொல்வார். அதைத் தளத்தில் அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

இலங்கையின் ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, எங்கள் தாத்தா தோட்டத்து பங்களாவில் வேலை பார்த்தவர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த தட்டுகள் சில வீட்டில் கிடக்கின்றன. ஹாரி லாடர் என்று இரண்டு, ஸ்காட் ஸ்கின்னர் என்று ஒன்று. விலை போகுமா?

உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஸ்காட்லாந்துத் துரைமார் நிறையப் பேர் இருந்தார்கள், மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே என்றே ஒரு தோட்டம் உண்டு. உங்கள் வீட்டில் இருக்கும் ஸ்கின்னருக்கு "ஸ்ட்ராத்ஸ்பே அரசர்" என்றுதான் பட்டம், அந்த வகை நடன மெட்டுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே நம்பினார். லாடர் தட்டுகளுக்குப் பெரிய விலை வராது, 1902-இலிருந்து அவர் பதிவு கொடுத்தார், உலகம் முழுக்க அவ்வளவு விற்றது. ஸ்கின்னர் தட்டை விற்றுவிட அவசரப்படாதீர்கள். லேபிளையும் பொறித்த எண்ணையும் படம் எடுத்து, டீன்-மயாட் பட்டியலில் ஸ்கின்னர் பெயருக்குக் கீழே ஒத்துப் பாருங்கள், படத்தை எனக்கும் அனுப்புங்கள். அனுப்பும்வரை தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், ஹட்டன் ஈரத்துக்கு உறைகளை மாற்றிவிடுங்கள்.